நாய்ச்சீட்டு

முதன்முதல் சந்தித்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் பெயரைக் கேட்கவில்லை. என்ன தொழில் என்றும் கேட்கவில்லை. கலியாணம் முடித்து, தேற்றாத்தீவில் என் மனைவியின் வீட்டுக்கு நான் பெட்டியோடு வந்து சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகியிராது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி எந்தக் குடி? என்ன வகுத்துவார்?"

"நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை."

"அதெப்பிடி இல்லாமப் போற? தாய் இல்லாமலா பிறந்த நீங்க?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாமி உள்ளேயிருந்து வந்து சிரித்துச் சமாளித்தார். பிறகுதான் மனைவி விளங்கப்படுத்தினாள். குடி என்றால் தாய்வழிக் குலம். மட்டக்களப்பில் வயிற்றை வகுறு என்பார்கள். தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று வயிற்றின் வழியே போகிற வரிசைதான் வகுத்துவார். கோயில் மரியாதையிலிருந்து சம்பந்தம் பேசுவதுவரை எல்லாவற்றுக்கும் அந்த வரிசைதான் கணக்கு. தகப்பன் வழி கணக்கில் இல்லை. அப்படியென்றால் பிள்ளைகள் என் கணக்கில் இல்லை, கலியாணம் முடித்த மாப்பிள்ளைக்கு இது நல்ல செய்திதான் என்று நான் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவரை எங்கள் சிறு தெருவான அந்த ஒழுங்கை முழுவதும் சீட்டக்கா என்றே கூப்பிட்டது. சொந்தப் பெயரும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ தெரியாது. கணவர் ஆற்றில் வலை போடுகிறவர், நாள் முழுக்க நாலு சொல் பேசினால் அதிகம். வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். கணவர் பேசாமல் விட்டதையும் சேர்த்துச் சீட்டக்கா பேசினார். எங்கள் காலத்துக்கு முன்பே, ஏதோ ஓர் இடம்பெயர்வில், மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள்.

யாரைக் கண்டாலும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் மிச்சக் காசு கொடுக்க வந்த கொண்டக்டரிடம் கேட்பார். கோயில் ஐயரிடம் கேட்பார். சவர்க்காரம் விற்க வந்த வெளியூர்ப் பெடியனிடம் கேட்டு, அவன் தன் தாயின் ஊரைச் சொன்ன பிறகுதான் சாமானைப் பார்ப்பார். பதில் கிடைத்ததும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அது ஏன் என்று எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. வம்பளக்கிறவர் என்றால் கேட்டதை நாலு இடத்தில் சொல்லவேண்டும். இவர் கேட்டு வைத்துக்கொள்வதோடு சரி.

சீட்டுப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. மாதாமாதம் எல்லோரும் ஒரு தொகை போட, ஒருவர் மொத்தத்தையும் எடுத்துப்போகிற வழக்கமான சீட்டு. ஒரு மாதம் அந்தச் சீட்டில் துண்டு விழுந்தது. மூலை வீட்டு அக்கா கட்டவில்லை. அவருடைய நாய் ஆற்றங்கரையில் மீனோடு தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பட்டினத்துக்கு ஓட்டோ பிடித்து, தனியார் மிருக வைத்தியரிடம் முள்ளை எடுப்பித்து வந்ததில், சீட்டுக் காசும் போய், அரிசிக் காசும் போய்விட்டது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரசாங்க மிருக வைத்தியர் வீடு தேடி வருவார். மாடு பால் தரும், ஆடு இறைச்சி தரும். நாயும் பூனையும் எதுவும் தராத சாதி. விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் சும்மா போடுவார்கள். மற்றதெல்லாம் கைக்காசு. ஊசி, சேலைன், ஒப்பரேசன் என்று மனிதருக்குப் போலவே எல்லாம் உண்டு. மனிதருக்கென்றால் பெரியாஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும். நாய்க்கு இவ்வளவு செலவழித்தேன் என்று வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் செலவழித்தவர்கள் வாயைத் திறப்பதில்லை.

சீட்டக்கா திறந்தார்.

"நாய் தூண்டில விழுங்கினா என்ட சீட்டெல்லோ உடையுது! இனி நாய்க்கு வேற சீட்டு, மனிசருக்கு வேற சீட்டு."

அப்படித்தான் நாய்ச்சீட்டு தொடங்கியது. பூனைகளும் சேர்த்தி, பெயர் மட்டும் நாய்ச்சீட்டு. ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகை போடவேண்டும். குலுக்கல் இல்லை, ஏலம் இல்லை. எந்தச் சீவன் வருத்தமாகப் படுக்கிறதோ அதற்குத்தான் சீட்டு. காசை வீட்டுக்காரர் கையில் கொடுக்கமாட்டார். தானே கூடப்போய், வைத்தியரிடம் பேரம் பேசி, கட்டிவிட்டு வருவார். இவ்வளவும் செய்கிறவர் தன் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்க்கவில்லை. நாய் கிட்ட வந்தால் காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்துக்கொள்வார். இது எனக்கு இன்றுவரை விளங்காத விசயம். ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "சீட்டுப் பிடிக்கிறவ சீட்டுக் கட்டப்படாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போட்ட சட்டங்களிலேயே விசித்திரமானது குட்டிகளைப் பற்றியது. தாய் சீட்டில் இருந்தால் குட்டியும் சீட்டில். குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுத்தாலும் அதன் பங்கு தாயின் வீட்டோடுதான். எந்த நாய் எந்த நாயின் மகள், எந்தப் பூனைக்கு எது பேத்தி என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க றோட்டுப் போட்டவர், எதையும் நேர்கோட்டில் பேசுவார். அவருடைய சிவலை ஆண்நாயோடு சேர்ந்து மூலை வீட்டுப் பெட்டைநாய் குட்டிகள் போட்டபோது, அதில் ஒன்று அச்சாகச் சிவலையைப் போலவே இருக்கிறது, அது என் கணக்கில்தான் வரவேண்டும் என்று வந்து நின்றார்.

"நிறத்தப் பாருங்க, காதப் பாருங்க. ஆருக்குத் தெரியாது?"

"ஓவசியர் ஐயா, உங்கட மகன்ட புள்ளைகள் உங்கட குடியா, மருமகள்ட குடியா?"

"மருமகள்ட குடி."

"உங்களுக்கே இல்லாத உரிமைய உங்கட நாய்க்கு எப்பிடிக் குடுக்கிற?"

ஒழுங்கை சிரித்துத் தீர்த்தது. ஓவசியர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

ஓட்டோக் கூலியை மிச்சம் பிடிக்க, எல்லாச் சீவன்களையும் ஒரே நாளில் கொண்டுபோவது அவருடைய இன்னொரு ஏற்பாடு. ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நாய்களைக் கட்டி, பூனைகளை உரப்பைக்குள் விட்டு, நடுவில் பலகை போட்டு அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் இருப்பார். அப்படிப் போகும்போது ஒருநாள் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். உரப்பைகளைப் பிடித்துக்கொள்ள நானும் பெட்டிக்குள் இருந்தேன். இளம் ஆமிக்காரன் ஒருவன் துவக்கு முனையால் உரப்பையைத் தொட, பை துள்ளியது. அவன் பின்னால் பாய்ந்தான். எனக்கு உயிர் போய் வந்தது.

"பூசா, மாத்தயா, பூசா" என்றார் சீட்டக்கா, பூனை என்பதற்குத் தெரிந்த சிங்களத்தில். பையைத் திறந்தும் காட்டினார். அதோடு விட்டாரா? அவன் முகத்தை உற்றுப் பார்த்து, "அம்மா கொஹெத?" என்று கேட்டார்.

தாய் எங்கே என்று கேட்டால் ஆமிக்காரனும் பிள்ளைதானே. "குருணாகல" என்றான். பிறகு எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். வழி முழுக்க அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்: "பாவம், தாய் குருணாகலாம்."

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் ஒழுங்கையில் பாதி போனது. என் மாமி போனார். அவருடைய உடலைத் தேடி என் மனைவியும் நானும் அலைந்ததைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நிவாரணக்காரர்கள் வந்து குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் இல்லை என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பின்னால் சீட்டக்கா வருவார். "உங்கட சாம்பல் பூனை வந்ததா? கறுப்பன் என்ன ஆனான்?" மனிதர் செத்துக் கிடக்கிற இடத்தில் இவருக்கு நாய் பூனைக் கணக்கா என்று ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சீட்டக்கா விலகி அடுத்த பாயருகே போனார். இரண்டு பிள்ளைகளையும் கொடுத்துவிட்டுக் கல்லாக இருந்த ஒரு தாய் அங்கே இருந்தாள். யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. "உங்கட பூனைக்குட்டி?" என்று இவர் கேட்டதும்தான் அவள் வாய் திறந்து, "சின்னவன் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினவன்" என்று சொல்லிக் கத்தி அழுதாள். சீட்டக்கா அவள் பக்கத்தில் இருந்துவிட்டார். அன்று வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை.

அந்த முகாமில்தான் குஞ்சி எங்களிடம் வந்தது. கண் திறந்து சில நாளே ஆன பெட்டை நாய்க்குட்டி. பள்ளிக்கூட மதிலோரம் சேற்றுக்குள் கிடந்தது. தாயும் இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை. என் மனைவி நிவாரணமாகக் கிடைத்த மாப்பாலைக் கரைத்து, மருந்துச் சொட்டுக் குழாயால் அதன் வாயில் விட்டாள். தன் தாயின் உடலைக் கண்ட இடத்திலேயே விட்டு வந்த பிறகு, அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "இதுக்கு இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி எடுக்கலாமா?" என்பதுதான். அந்த நாய்மேல் எனக்குப் பாசம் வந்தது அந்தக் கேள்வியால்தான்.

வீடு திருத்தித் திரும்பியதும் குஞ்சியை நாய்ச்சீட்டில் சேர்க்கப் போனோம்.

"தாய் ஆரு?" என்றார்.

"தெரியா அக்கா. கடலோட வந்தது."

அவர் குஞ்சி கிட்ட வராமல் காலைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொண்டார். பிறகு, "தாய் தெரியாதத நான் சேர்க்க ஏலா புள்ள. நாளைக்குக் கண்டதையும் கொண்டு வருவாங்க. சட்டம் எண்டாச் சட்டம்தான்" என்றார். சொல்லும்போது என் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடல் தின்றுவிட்டுப் போன ஊரில் நாய்க்குக் குலம் கேட்கிறார்கள் என்று களுவாஞ்சிக்குடியில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கடலுக்குப் பிறகு படிவமும் பிரதியும் கேட்காத இடமில்லை. அதனால் என் பேச்சைக் கேட்கக் கடையில் ஆளுக்குக் குறைவிருக்கவில்லை.

படுவான்கரையில் சண்டை நடந்தது, சனம் ஆற்றைக் கடந்து வந்தது, திரும்பிப் போனது. நாடு முழுவதும் சண்டை முடிந்தது என்று ஒருநாள் வெடி கொளுத்தினார்கள். பாதை திறந்தது, விலைவாசியும் கூடவே திறந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் குஞ்சி சாப்பாட்டை விட்டது. தண்ணீர் மட்டும் குடித்துக் குடித்துக் கிடந்தது. பட்டினத்துக்குக் கொண்டுபோனோம்.

"கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கு. வெட்டி எடுக்கவேணும். நாளைக்குள்ள செய்யாட்டித் தப்பாது" என்றார் வைத்தியர். அவர் சொன்ன தொகை என் கடையின் ஒரு மாத வரும்படியை விழுங்கிவிட்டு மிச்சமும் கேட்கும். அந்த நேரம் பார்த்து மெசினும் பழுது. மனைவியின் நகைகள் வீடு திருத்தியபோதே அடகுக்குப் போனவை. யாரிடம் கேட்பது? நாய்க்கு என்று சொன்னால் தருகிறவனும் தரமாட்டான்.

"சீட்டக்காட்டப் போவம்" என்றாள் மனைவி.

"நான் வரமாட்டன்."

"நீங்க வரவேணாம். அதுக்குப் பால் குடுத்தது நான்."

அவள் போய்ச் சொன்னதை அவர் பேசாமல் கேட்டிருக்கிறார். பிறகு, "பின்னேரம் சீட்டுக்காரர் எல்லாரையும் என்ட வளவுக்கு வரச் சொல்லு" என்றாராம். அந்தப் பின்னேரம் நானும் போனேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பூவரசுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. ஒரு பத்துப் பதினைந்து பேர். சீட்டக்கா விசயத்தைச் சொன்னார். முதலில் எழும்பியவர் ஓவசியர்தான். அவர் பேசியதில் பிழை சொல்லவும் முடியாது.

"எனக்கொரு சட்டம், இவங்களுக்கொரு சட்டமா? தாயத்தான் பாக்கிற எண்டு நீதானே சொன்ன? அந்த நாய்க்குத் தாய் ஆரு? சொல்லு பாப்பம்."

"எனக்குத் தாய் ஆரு எண்டு தெரியுமா உங்களுக்கு?" என்றார் சீட்டக்கா.

யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுவதையும் கேட்டவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியா. பெருவெள்ளத்தில ஒரு வைக்கல்போர் மிதந்து வந்ததாம். அதுக்கு மேல நான் கிடந்தனாம். ஓட்டமாவடியில ஒரு உம்மா எடுத்து, அவட மகனுக்குக் குடுத்த பால எனக்கும் தந்தவ. மூண்டு வயசு மட்டும் அங்கதான் வளந்த நான். மறுகா, தமிழ்ப் புள்ளையா இரிக்கும் எண்டு ஆக்கள் சொல்ல, நெல்லு யாவாரத்துக்கு வந்த படுவான்கரையார் கூட்டிப் போன. புள்ள இல்லாத ஆக்கள், நல்லாத்தான் வளத்த. ஆனாக் கோயில் சடங்கில பொம்புளையள் வரிசையா நிக்கக்குள்ள, வளத்த தாய்ட தங்கச்சி என்னப் பிடிச்சு வெளிய விட்ட. வகுத்தில பிறக்காததுக்கு வகுத்துவார் இல்லையாம்."

தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கத்திலும், பள்ளிவாசலிலும் வயலிலும் ஆட்கள் செத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஒரு முஸ்லிம் ஊரின் பெயரோடு, ஓட்டமாவடி உம்மா என்ற சொல்லை அந்த ஒழுங்கையில் அப்படி வெளிச்சமாகச் சொல்ல யாருக்கும் துணிவு இருந்திராது. மூலை வீட்டு அக்கா எழுந்தார். அவருடைய அண்ணன் அந்தப் பக்கத்துக் கலவரத்தில் போனவர். சேலையை உதறிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் படலையைத் திறந்து போய்விட்டார். சீட்டக்கா அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அந்த உம்மாட ஆக்களுக்கும் குடி இரிக்கி, அவங்களும் தாய் வழிதான். ஆனா அவங்களுக்கு இன்னொரு சட்டமும் இரிக்கி. பால் குடுத்தாத் தாய். அவட மகன் எனக்குக் காக்கா, அண்ணன்தான். எனக்குத் தெரிஞ்ச சட்டத்தில நல்ல சட்டம் அதுதான். இவ்வளவு காலமும் அத வெளிய சொல்லப் பயந்து, இந்தப் புள்ளைட நாயத் தள்ளி வச்சிட்டன். புள்ள, ஆரு பால் குடுத்த?"

"நான்தான் அக்கா" என்றாள் என் மனைவி.

"அப்ப அது உன்ட வகுத்துவார்."

ஓவசியர் விடவில்லை. "ஒரு மாசமும் கட்டாம எப்பிடிச் சீட்டு எடுக்கிற?"

"முதல் மாசச் சீட்டு எடுக்கிறவ கட்டி முடிச்சிட்டா எடுக்கிறா? எடுத்திட்டுக் கட்டுறதும் சீட்டுத்தான்."

ஓவசியர் யோசித்தார். நேர்கோடாகத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். "அப்பிடியெண்டா, அந்தச் சிவலைக் குட்டிக்கு என்ட மனிசியும் பால் வச்சவ" என்றார்.

"அதுக்குத் தாய் தெரியும் ஐயா. தாய் இரிக்கிறதுக்குத் தாய்தான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஓவசியர் உட்பட. அவர்தான் பட்டினத்துக்குப் போக ஓட்டோவும் பேசிவிட்டார். மூலை வீட்டு அக்கா மட்டும் அதற்குப் பிறகு எந்தச் சீட்டுக்கும் வரவில்லை. சீட்டக்கா இரண்டு மூன்று முறை அவர் படலைவரை போய்த் திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

மறுநாள் ஒப்பரேசன் நடந்தது. காசை அவரே கட்டினார், வழக்கம்போலப் பேரம் பேசி, மருந்துக் குளிசை விலையில் கொஞ்சம் குறைப்பித்துக்கொண்டு. இனிப் பயமில்லை என்று வைத்தியர் சொன்னதும் என் மனைவி சீட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அவரைப் பற்றிக் கடையில் நான் பேசிய பேச்செல்லாம் அப்போது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் குஞ்சி என் மடியில் மயக்கத்தில் கிடந்தது. கல்லடிப் பாலம் தாண்டிய பிறகு என் மனைவி கேட்டாள்.

"அக்கா, அந்த உம்மா இரிக்கிறாவா?"

"இரிக்கிறா. கண் தெரியா. வருஷத்தில ஒருக்காப் போவன். சீலை எடுக்கப் போறன் எண்டு சொல்லிட்டுப் போற. வாழைச்சேனையில இறங்கிப் பொட்ட அழிச்சிட்டு, முக்காடு போட்டுக்குவன். வரக்குள்ள பஸ்ஸுக்குள்ள திரும்ப வச்சுக்குவன்."

"இனி என்னத்துக்கு அழிக்கிற? சண்டையும் முடிஞ்சிற்று, நீங்களும் சொல்லிற்றீங்க. அடுத்தமுறை நானும் வாறன். பொட்டோடயே போவம்."

சீட்டக்கா ஒரு விரலால் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ கண் தெரியாம முகத்தத் தடவித்தான் பாக்கிறவ, புள்ள. நெத்தியில கை படும். இத்தின வருஷமா இத ஏன் அழிச்சிட்டு வந்தனீ எண்டு உம்மா கேட்டா, நான் என்ன சொல்லுற?"